உளி கையில், கணக்கு யார் கையில்?

ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையில் தொங்கிய தராசுக்கு ஒரு முகம்தான். அந்த முகம் கணக்கு எழுதும் கிராணியைப் பார்த்தே தொங்கும். வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது அதன் முதுகு. சிறுவனாக அத்தையோடு போய் நின்ற நாட்களில், முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். கிராணி ஓர் எண்ணைச் சொல்வார், செக்ரோல் ஏட்டில் ஏதோ எழுதுவார், அடுத்த வாளி நகரும். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் கதவு நிலையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். நெட்டைக் கோடு பத்து, குட்டைக் கோடு ஒன்று. சம்பளத்தன்று அந்தக் கோடுகளை மனத்தில் கூட்டிக்கொண்டு போவார். கணக்கு ஒத்துப்போன மாதங்களும் உண்டு. ஒத்துப்போகாத மாதத்துக்கு "பாலில் தண்ணி சாஸ்தி" என்று ஒரே பதில்தான் வரும். அதற்கு மேல் கேட்க வழியில்லை.

தொழிலாளிக்குச் சரியான கருவியையும் சரியான தகவலையும் கொடுத்தால் நிறுவனம் தானாக வளரும் என்று இன்று ஆயர் குரோ ஹோட்டல் மண்டபங்களில் வகுப்பு எடுக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் கறிபாப்பும் உண்டு. கருவி, தகவல் என்ற இரண்டு சொல்லையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கைகோத்து நிறுத்துகிறார்கள். மலாக்காத் தமிழர்களின் நூற்றாண்டு கடந்த உழைப்பை வைத்துப் பார்க்கிறவனுக்கு அந்தக் கைகோப்பில் சந்தேகம் வரும். இங்கே கருவி கொடுக்க எந்த முதலாளியும் பெரிதாகத் தயங்கியதில்லை. உளி கொடுத்தான், வாளி கொடுத்தான், பம்பு கொடுத்தான், பின்னாளில் நுண்ணோக்கியும் கணினியும் கொடுத்தான். கையைக் கெட்டியாக மூடிக்கொண்டது கணக்கைக் காட்டும் இடத்தில்தான். அதனால் தொழிலாளி இழந்தது கொஞ்சமில்லை; முதலாளி இழந்ததும் கொஞ்சமில்லை. இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசாமல் விட்டுவிட்டோம்.

கதை தொடங்கியதே மலாக்காவில்தான். 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, இந்த மரத்தில் பெரும் பணம் இருக்கிறது என்று கண்ட தோட்டக்காரரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். சட்டைப் பையில் விதையோடு அலைந்ததால் "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயர் வாங்கினார். காப்பிப் பயிர் போட்டவர்கள் கேட்கவில்லை. கேட்டவர் மலாக்காவின் மரவள்ளித் தோட்டக்காரர் டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் அவர் நட்டதுதான் மலாயாவில் வணிகத்துக்கென்று நட்ட முதல் ரப்பர் என்று சொல்கிறார்கள். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் போட்டார். நிலம் எல்லாரிடமும் இருந்தது, விதையும் கேட்டால் கிடைத்தது. டான் சே யானிடம் இருந்த ஒரே கூடுதல் பொருள், ரிட்லி சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதுதான்.

ரிட்லியின் பெரிய கண்டுபிடிப்பு விதையைப் பற்றியது இல்லை, வெட்டைப் பற்றியது. அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுப்பார்கள்; மரம் புண்ணாகிச் சீக்கிரம் செத்துவிடும். ஒரே வெட்டை மறுநாள் மெல்லியதாகச் சீவித் திறந்தால் பால் மறுபடி வரும், மரமும் பிழைக்கும் என்று ரிட்லி காட்டினார். மலாயாவின் ரப்பர்ச் செல்வம் முழுவதும் அந்தச் சீவலில் நின்றது. அந்தச் சீவலைச் செய்தது தமிழ்க் கை.

அந்தக் கை என்னென்ன தெரிந்து வைத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். பால்குழாய்கள் பட்டைக்குள் நேராக ஓடுவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த கோட்டில், ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். ஒரு சீவலின் தடிப்பு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. உள்ளே பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உயிர்த்தோல் இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளி நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், ஏழெட்டு ஆண்டு கழித்து அங்கே மறுபடி வெட்ட வந்தால் உளி ஓடாது. விடியுமுன் வெட்டுவதும் காரணத்தோடுதான். அப்போதுதான் குழாய்க்குள் அழுத்தம் அதிகம், வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். இப்படி 500 மரத்துக்கும் மேலான ஒரு நிரையை இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் முடிப்பார்கள். தோட்டத்தின் மூலதனம் லண்டன் வங்கியில் இருந்ததாக நினைக்கிறோம். உண்மையில் அது மரப்பட்டையில் இருந்தது. அதைத் தினமும் செலவு செய்யும் அதிகாரம் தோட்டத்திலேயே குறைந்த சம்பளம் வாங்கியவர் கையில் இருந்தது. ஒரு மில்லிமீட்டர் தவறினால் இழப்பு இன்றைக்குத் தெரியாது, ஏழாண்டு கழித்துத் தெரியும்.

இதைத் தோட்டத்தை நிர்வகித்த துரைமார் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வெட்டுவதைக் கற்றுக்கொடுக்கச் செலவழித்தார்கள், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து காயத்தை எண்ணினார், காயம் அதிகமானால் பேர் வெட்டினார்கள். 1920களின் நடுவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் வந்தபின் வெட்டுமுறை ஓர் அறிவியலாகவே வளர்ந்தது. கையைப் பற்றிய தகவல் தாராளமாகக் கீழே இறங்கியது. நின்றுபோனது எடையைப் பற்றிய தகவல்.

அந்த எடையின் சங்கதி இதுதான். வாளியில் இருப்பது முழுக்க ரப்பர் இல்லை. சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உலர்ந்த ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அந்த விழுக்காடு மாறும். முந்தின இரவு மழை பெய்தாலும் மாறும். கூலி உலர்ந்த ரப்பருக்குத்தான். ஒருவர் 12 கிலோ பால் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுக்காடு 36 என்று எழுதினால் 4.32 கிலோ ரப்பர். 30 என்று எழுதினால் 3.60. நடுவில் 720 கிராம். ஒரு நாளைக்கு இவ்வளவென்றால் மாதத்துக்கு எவ்வளவு என்று அத்தை கோடு போட்டே கண்டுபிடித்துவிடுவார், அந்த விழுக்காட்டை யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால். மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பார்கள். பார்ப்பவர் கிராணி. எழுதுவது ஆங்கிலத்தில். கேட்பவர் தமிழச்சி.

எல்லாக் கிராணியும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையான மனிதர்கள் இருந்தார்கள், எனக்கே தெரியும். ஆனால் முதுகு காட்டும் தராசின் கீழ் நேர்மையான கிராணியும் கள்ளனாகத்தான் தெரிவார். அதன் விலையைத் தோட்டமே கொடுத்தது. விழுக்காட்டை நம்பாதவர் எடையைக் கூட்ட வழி தேடினார். வாளியில் தண்ணீர் கலந்தார், மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் ஒட்டியிருந்த கட்டிப்பாலைப் பாலோடு சேர்த்துவிட்டார். கலந்த பால் ஸ்டோரில் சரியாக உறையாமல் தரம் கெட்டது. தண்ணீர் கலப்பதைப் பிடிக்க ஒரு மண்டோர், அந்த மண்டோரைப் பிடிக்க இன்னொருவர் என்று சம்பளப் பட்டியல் நீண்டது. ஒரு தராசைத் திருப்பி மாட்டியிருந்தால் மிச்சமாகியிருக்கும் செலவு இது.

தகவல் எந்த வழியாக ஓடியது என்று பார்த்தால் தோட்டத்தின் அமைப்பே விளங்கிவிடும். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள், வேலை பிரிப்பார்கள். மேலிருந்து கீழே ஒருவழிப் பாதை. கீழிருந்து மேலே போக வேண்டிய சேதி கங்காணி வழியாகவோ கிராணி வழியாகவோதான் போகும். போகிற வழியிலேயே பாதி கரைந்துவிடும். துரைக்குத் தமிழ் கொஞ்சம் வரும், தோட்டத்துத் தமிழ். "போ", "வா", "சீக்கிரம்" என்ற அளவுக்கு. மரப்பட்டையில் புதிதாக ஒரு நோய் தென்படுகிறது என்று விளக்க அந்தத் தமிழ் போதாது.

இந்த ஒருவழிப் பாதையை முதலில் உடைத்தது ஒரு கருவிதான்: மிதிவண்டி. தொழிலாளி தன் காசில் வாங்கியது, தோட்டம் கொடுத்தது இல்லை. அது அவரைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனது. தேநீர்க் கடையில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசனையும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசையும் ஒருவர் சத்தமாக வாசிக்கப் பத்துப் பேர் கேட்கும் இடத்துக்குக் கொண்டுபோனது. அந்த நாளிதழ்களில் ரப்பர் விலை இருந்தது. தான் வெட்டும் பொருள் உலகத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று தொழிலாளிக்குத் தெரிந்தது அந்த வழியில்தான். துரை எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இந்த இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. கூட்டம் கூடும் உரிமை, பேச்சுரிமை, குறை சொல்பவரைப் பழிவாங்காமை, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்தவர். அவரைக் கைது செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் இறந்தார்கள். அந்தக் கோரிக்கைகளில் பல, யார் யாரிடம் பேசலாம், யாருக்கு எது தெரியலாம் என்பதைப் பற்றியவை. கூலி உயர்வு மட்டும் கேட்டிருந்தால் ஒருவேளை பேச்சில் முடிந்திருக்கும் என்பது என் ஊகம்.

போருக்குப் பிறகு சங்கங்கள் வந்தன. மாநில வாரியாக இருந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுசேர்ந்தன, பி.பி. நாராயணன் நெடுங்காலம் அதன் முகமாக இருந்தார். சங்கத்தின் குறைநிறைகளை எழுத இது இடமில்லை. இந்தக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு: தொழிலாளிக்குக் கணக்கைத் தமிழில் சொன்ன முதல் பெரிய அமைப்பு அதுதான். ரப்பர் விலைக்கு ஏற்பக் கூலி ஏறி இறங்கும் ஒப்பந்தங்கள் வந்தபோது, எந்த விலைக்கு எந்தக் கூலி என்ற அட்டவணையைத் தோட்டக் கிளைத் தலைவர் கையில் கொடுத்தது சங்கம். சங்கத்தின் 'சங்கமணி' ஏடு, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு லயம் கை மாறியது. அட்டவணையை வாசிக்கத் தெரிந்த பையன் ஒருவன் வீட்டில் இருந்தால் போதும், கிராணியிடம் கேட்கும் தொனியே மாறிவிடும்.

1960இல் அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இதைவிட ஒரு படி மேலே போனது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளிகளே மாதம் பத்து வெள்ளி போட்டு தோட்டத்தை வாங்கட்டும் என்று அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூலிக்கு மரம் வெட்டியவர் பங்குக்காரராகவும் ஆனார். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவைக் கேட்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி கிடைத்தது. உரிமை கிடைத்த எல்லாரும் கேட்டார்களா என்பது வேறு விஷயம். வரவு செலவு அறிக்கையை வாசிக்கவும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது. அதை யாரும் முறையாகச் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது அதே பாடம் வேறு பயிரில் திரும்பியது. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலையை அறுக்கிறார் தொழிலாளி. குலை பழுத்ததா என்று எப்படித் தெரியும்? பழம் உதிர்ந்த குழி குறைந்தது பத்து குலையில் தெரிய வேண்டும் என்பது மலேசியச் செம்பனை வாரியத்தின் அளவுகோல். ஆலையில் ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ 200 கிலோ எண்ணெய் வருவதும் வராமல் போவதும் இந்தக் குழிகளை எண்ணும் கண்ணில்தான் இருக்கிறது. ஆனால் கூலி எடைக்கோ குலை எண்ணிக்கைக்கோ கொடுத்தால் காய்க்குலையும் காசுதான். அபராதம் போட்டுத் தடுக்கப் பார்க்கிறார்கள். எண்ணெய் விழுக்காடு என்ன, ஒரு காய்க்குலையால் ஆலைக்கு எவ்வளவு போகிறது என்பதை அறுக்கிறவருக்குச் சொல்லி, அது ஏறினால் அவருக்கும் ஒரு பங்கு ஏறும் என்று வைத்தால் அபராதப் புத்தகம் மெலியும். தகவல் ஒரு பக்கம் இழுக்க, கூலி மறுபக்கம் இழுத்தால் கூலிதான் ஜெயிக்கும்.

இனி மருந்துக்கு வருகிறேன். தோட்டத் தமிழில் களைக்கொல்லிக்குப் பெயர் 'மருந்து'. விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த மொழியில் வளர்ந்த பெண்கள், முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இந்த வேலை அதிகம் விழுந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிமருந்தே கிடையாது. சிறிது வயிற்றுக்குள் போனாலும் நுரையீரலைக் கெடுத்துக் கொல்லும். தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் நகம் கழலும், மூக்கில் ரத்தம் வரும். டப்பாவில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. டப்பா ஸ்டோரில் இருந்தது. அடிக்கிற பெண் பார்த்தது தண்ணீரில் கலக்கி ஊற்றிய பிறகு இருக்கும் நிறத்தை மட்டும்.

தோட்டங்கள் கையுறையும் முகமூடியும் கொடுக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பல இடங்களில் கொடுத்தார்கள். அவை லயத்து ஆணியில் தொங்கின. பகல் வெயிலில், ஈரம் கனக்கும் காட்டில் ரப்பர் முகமூடி போட்டால் மூச்சு முட்டும். எதற்காகப் போட வேண்டும் என்று தெரியாதவர் அதைக் கழற்றிவிடுவார். தெரிந்தவரும் கழற்றுவார், கொஞ்சம் தாமதித்து. தொழிலாளர் உரிமைக்குப் போராடும் தெனாகனித்தா அமைப்பும் அதன் நிறுவனர் ஐரின் பெர்னாண்டஸும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து மருந்து அடிக்கும் பெண்களின் நிலையை 2002இல் வெளியே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாராகுவாட்டைத் தடைசெய்வதாக அரசு அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1 அன்றுதான். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தகவலும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் இவ்வளவும் நடந்தது. 2022இல் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அச்சட்டத்தின் புது வடிவம், உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி வேலையிடத்தை விட்டு விலகலாம் என்ற உரிமையையும் சேர்த்திருக்கிறது. ஆபத்து எது என்று தெரிந்தால்தான் விலக முடியும்.

மலாக்காவின் செங் பகுதிக்கு இப்போது வருகிறவர்களுக்கு இந்தப் பழைய கதையெல்லாம் தூரத்தில் கேட்கும் பேச்சு. சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு மாசி மகத்தன்று மலாக்கா முழுவதிலுமிருந்து சனம் வருகிறது. கோயிலைச் சுற்றியிருக்கும் வட்டாரத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும். 1971இன் தடையற்ற வர்த்தக மண்டலச் சட்டத்துக்குப் பின் மலாக்காவின் பத்து பிரண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. இன்று இன்பினியோன் என்ற பெயரில் இருக்கும் ஆலை 1973இல் சீமென்சாக அங்கே தொடங்கியது. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் உளியைப் பிடிக்காமல் நுண்ணோக்கியைப் பிடித்தார்கள். விடியற்காலை லாரிக்குப் பதில் நிறம் தீட்டிய தொழிற்சாலைப் பேருந்து. அந்தப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த சம்பளத்தில்தான் பல குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறின. இதை மறந்துவிட்டுத் தொழிற்சாலையைத் திட்டுவது நன்றியில்லாத வேலை.

ஆனாலும் தராசு அங்கேயும் இருந்தது. ஒரு லைனில் எத்தனை துண்டு தேறுகிறது, எத்தனை கழிகிறது என்பதைத் தாளில் கோடாக வரைந்து கண்காணிக்கும் முறையை 1924இல் அமெரிக்காவில் ஷூஹார்ட் வகுத்தார். அதை வேலை செய்கிறவரே தன் கையால் வரைய வேண்டும் என்பது அதன் உயிர். கோடு எல்லை தாண்டினால் அவரே முதலில் காண்பார். 1950இல் தரக் கட்டுப்பாட்டு வல்லுநர் டெமிங் இதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். டொயோட்டா இன்னொரு படி போய், பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்று வைத்தது. கயிறு மலிவு. இழுத்தவனைத் திட்டாத மேலாளர்தான் விலை அதிகம். அந்தக் கயிற்றைப் பார்த்து வந்து தங்கள் ஆலையில் சிவப்புப் பொத்தான் வைத்தவர்கள் உண்டு. அழுத்தினால் சூப்பர்வைசர் முகம் சிவக்கும் என்பதால் அந்தப் பொத்தானில் தூசி படிந்துவிடும்.

தொழிலாளியின் சொல்லுக்குக் காது கொடுப்பதைத் தமிழ் மண்ணிலேயே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு வாங்கியது. இந்திய நிறுவனம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. 2002இல் டிவிஎஸ் மோட்டாரும் பெற்றது. கடைநிலைத் தொழிலாளியையும் தரக் குழுக்களில் உட்காரவைத்து, அவர் கொடுத்த யோசனைகளை எண்ணி, செய்து, பலனை அவருக்குக் காட்டியது அந்த வெற்றியின் பெரும்பகுதி. பக்கத்து இயந்திரக்காரர் தன் யோசனை வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால் அடுத்த வாரம் இன்னொன்று சொல்வார். மேலாண்மை நூல்கள் இதைப் பத்துப் பக்கத்தில் சொல்கின்றன.

மலேசியாவில் இப்படித் தொழிலாளியைப் பயிற்றுவிக்கப் பணத்துக்குக் குறைவில்லை. 1992இன் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, தகுதிபெறும் நிறுவனங்கள் தொழிலாளர் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சி நிதியாகக் கட்டுகின்றன. பயிற்சி நடத்தினால் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் யாருக்குப் பயிற்சியாகப் போகிறது என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்டியலை எடுத்துப் பார்த்தால் நல்லது. நான் போய் உட்கார்ந்த வகுப்புகளில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் நிர்வாகிகள். இயந்திரத்தின் முன் நிற்பவர் இரண்டு நாள் லைனை விட்டு வந்தால் உற்பத்தி குறையும். நிர்வாகி வந்தால் குறையாது. இதில் ஏதோ ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது, சிரிக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

தோட்டத்தில் சங்கம் கணக்கைத் தமிழில் சொன்னது. மின்னணு ஆலையில் அந்த வாய் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 1988 வரை அத்தொழிலாளருக்குச் சங்கமே இல்லை. பிறகு ஆலைக்குள் மட்டுமான சங்கம். 2009இல்தான் வட்டாரச் சங்கங்களுக்கு அனுமதி. இடைப்பட்ட ஆண்டுகளில் வேலை செய்தவர்கள், ஓ.டி. கணக்கும் சிப்டுப் படியும் எப்படிப் போடுகிறார்கள் என்பதைச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் தாங்களே ஊகித்துக்கொண்டார்கள். சம்பள விவரத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டின் வேலை விதிமுறைகளே சொல்கின்றன. கொடுக்கவும் செய்கிறார்கள். இப்போது கைப்பேசிச் செயலியில் வருகிறது. எண்கள் இருபது, சுருக்கெழுத்துகள் பதினைந்து. அத்தைக்குத் தராசின் முதுகு தெரிந்தது. இன்றைய பிள்ளைக்கு முகம் தெரிகிறது, அது பேசும் பாஷை தெரியவில்லை.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது, சிலருக்குக் கசக்கும். தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் பலர் இன்று லைன் லீடர்கள், சூப்பர்வைசர்கள், பாதுகாப்பு அதிகாரிகள். அவர்களுக்குக் கீழே நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். சுவரில் உள்ள அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ரசாயன டப்பாவின் சிட்டையும் அப்படித்தான். நேப்பாளப் பையன் சிட்டையை வாசிப்பதில்லை. நம் பையனின் கையசைவைத்தான் வாசிக்கிறான். கையசைவில் "இங்கே ஊற்று" என்று சொல்லலாம், "இது பட்டால் ஆறு மாதம் கழித்து என்ன ஆகும்" என்று சொல்ல முடியாது. கிராணி என்ற சொல்லை வசையாகக் கேட்டு வளர்ந்த நாம் அந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்திருக்கிறோம். நேப்பாள மொழியில் நாலு வரி அச்சடித்து ஒட்ட ஒரு பிற்பகல் போதும். செய்கிற சிலரை எனக்குத் தெரியும், யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். அவர்கள் லைனில் விபத்துப் பேச்சு குறைவு.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அக்காள் மகன் செங் பக்கம் ஓர் ஆலையில் இருக்கிறான். லைனுக்கு மேலே பெரிய திரை மாட்டியிருக்கிறார்களாம். இலக்கு எவ்வளவு, இதுவரை எவ்வளவு, பின்தங்கினால் சிவப்பு. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, முகம் இந்தப் பக்கம் திருப்பியே மாட்டியிருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. "அந்த இலக்கை எப்படிப் போடுறாங்க?" என்று கேட்டேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே யோசித்தான்.

"அது சிஸ்டம்ல இருந்து வரும் மாமா."

"யாராச்சும் கேட்டீங்களா?"

"யார்கிட்ட கேக்குறது?"